கை இல்லாத கோபுரம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. நாலு குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு ஓரிடத்தில் கூடினால் அங்கே கட்டாயம் ஒரு மேடை இருக்கும், மேடைக்குக் கீழே மூன்று நடுவர்கள் இருப்பார்கள், முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருக்கும் என்று நம்புகிற வியாதி. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது வரலாம். (மூன்றாம் வகுப்பில் தபால்காரர் வேஷம் போட்ட எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். டப்பா கிடைத்தது, ஆறுதல் கிடைக்கவில்லை.)

எழுபதுகளின் நடுவில் நான் பஹ்ரைனில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். குதைபியா என்ற பகுதியில் இரண்டு அறை வீடு. என் மனைவி சரோஜாவும் ஆறு வயது மகள் மாலதியும் மதுரையிலிருந்து வந்து சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மதுரையில் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசிய மாலு, இங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பள்ளியில் இங்கிலீஷ், கடையில் இந்தி, தெருவில் அரபி. எந்த மொழியில் திறப்பது என்று தெரியாமல் மூடியே வைத்திருந்தாள் போலிருக்கிறது. டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, "வீட்டிலாவது பேசுவாளா?" என்று கேட்டார். அன்றைக்கு சரோஜா சரியாகச் சாப்பிடவில்லை.

மாலுவுக்கு இருந்த ஒரே சிநேகிதி, மேல் வீட்டு உத்தே. ஜெர்மன்காரக் குழந்தை, அதே வயது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கூடக் கிடையாது. ஆனாலும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் விளையாடுவார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் உத்தேயின் அம்மா ஹெல்கா கீழே இறங்கி வந்தார். வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழக்கிழமை, அவர் கணவரின் கம்பெனி கேம்ப்பில் கார்னிவலாம். அவர்கள் ஊரில் நோன்பு தொடங்குவதற்கு முன்னால் சில நாள் ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டாம், குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வருவார்களாம். அவர் இன்னும் என்னென்னவோ விளக்கினார். நான் 'வேஷம்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். (மீதியையும் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.)

அவர் போனதும் மாலு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, உத்தே பூனை வேஷம். நானும் பூனை. ரெண்டு பேரும் ரெண்டு பூனை."

நாலு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கொஞ்சமாவது மூளை உள்ள தகப்பன் அதைக் கேட்டதுமே கறுப்புத் துணி வாங்கக் கடைக்கு ஓடியிருப்பான்.

"பூனைக்கு யாரும்மா பிரைஸ் குடுப்பாங்க?" என்றேன் நான்.

அன்று மாலையே ஒரு மலையாளியின் கடையிலிருந்து ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தேன். நம் ஊர்க் கோபுரத்தையே ஜெர்மன்காரர்கள் முன்னால் நிறுத்திவிடுவது என்று தீர்மானம். பிளான், எலிவேஷன் என்கிற முகப்புத் தோற்றம், செக்‌ஷன் எல்லாம் டிரேசிங் தாளில் முறைப்படி வரைந்தேன். ஒன்பது நிலை. ஒவ்வொரு நிலையிலும் சரோஜாவின் பழைய புடவைக் கரையை வெட்டி ஒட்டினேன். பொம்மைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு அடித்தேன். ஃப்யூஸ் போன பல்புகளைத் தலைகீழாக வைத்துத் தங்கப் பூச்சு பூசியதும் அசல் கலசமாகவே ஆகிவிட்டன. ஆபீசில் நான் வரைந்த எந்தக் கட்டடத்துக்கும் இவ்வளவு கவனம் கிடைத்ததில்லை.

சரோஜா காபி டம்ளரோடு வந்து சுற்றிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. ஏங்க, புள்ளைக்குக் கை எங்க வெளிய வரும்?"

"கோபுரத்துக்குக் கை ஏது?"

"புள்ளைக்கு இருக்குல்ல?"

"ஓட்டை போட்டா எலிவேஷனே கெட்டுப்போகும் சரோ. பார்க்குறதுக்கு மூணாம் நிலையில ஜன்னல் வச்சிருக்கேன்ல, அது போதும்."

அவள் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். மனைவிகள் ஒன்றும் சொல்லாமல் போகும்போது பின்னாலேயே ஓடிப் போய் என்னவென்று கேட்க வேண்டும் என்பது எனக்கு அந்த வயதில் தெரியாது.

வேஷம் மட்டும் போதுமா? வசனம் வேண்டாமா? "ஐ ஆம் தி கிரேட் டவர் ஆஃப் மதுரை" என்று ஆரம்பித்து எட்டு வரி எழுதிக்கொடுத்தேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் மாலு அதை ஒப்பிக்க வேண்டும். பாவம், ஒப்பித்தாள். குரல் மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. கோபுரத்துக்குள் நின்று பேசினால் கம்பீரமாகக் கேட்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை மதியம் எங்கள் கம்பெனி பிக்கப்பை ஓட்டிக்கொண்டு டிரைவர் கான் பாய் வந்தார். பெஷாவர் பக்கத்துக்காரர், ஆறடி. கோபுரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"சாப், யே க்யா ஹை?"

பாப்பாவின் டிரெஸ் என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

"அச்சா. தோ பச்சி கா ஹாத்?" குழந்தையின் கை எங்கே என்று அவரும் கேட்டார். ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. "யல்லா, யல்லா, நேரமாச்சு" என்று அவரை அவசரப்படுத்தினேன்.

சரோஜாவும் மாலுவும் முன்னால் உட்கார, நானும் கோபுரமும் பின்னால். கடற்காற்று சும்மா இருக்குமா? கோபுரம் பறந்துவிடாமல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனேன். நான் முழு சூட்டில் இருந்தேன். கல்யாண வரவேற்புக்கு மாமனார் எடுத்துக்கொடுத்த சூட், கூடவே வந்த மெரூன் டை. (பரிசு வாங்கும்போது போட்டோ எடுப்பார்கள் அல்லவா?) அந்த டை வழியெல்லாம் என் முகத்தில் அறைந்துகொண்டே வந்தது. அதற்காவது விஷயம் தெரிந்திருக்கிறது.

கேம்ப்பின் மெஸ் ஹால் முழுவதும் வண்ணக் காகிதத் தோரணம். ஒருவர் அக்கார்டியன் வாசித்தார். கடற்கொள்ளைக்காரர்கள், கௌபாய்கள், ராஜகுமாரிகள் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கம்பெனியின் பெரிய மானேஜரே சிவப்பு உருண்டை மூக்கு வைத்துக்கொண்டு நின்றார். சூட்டும் டையுமாக வந்தவன் நான் ஒருவன்தான். சூனியக்காரி வேஷத்தில் இருந்த ஹெல்காவைப் பிடித்தேன்.

"நடுவர்கள் எங்கே?"

"நடுவரா? எதற்கு?"

"முதல் பரிசு யார் கொடுப்பது?"

"பரிசெல்லாம் இல்லை. எல்லாரும் ஆடுவோம், சாப்பிடுவோம், அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

பரிசு விஷயத்தை முன்கூட்டியே வெளியில் விடமாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நேர்மையானவர்கள்!

மாலுவின் தலைவழியே கோபுரத்தை இறக்கினேன். முழங்கால் வரை மறைந்தாள். உத்தே பூனை ஓடிவந்து கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னலைக் கண்டுபிடித்து எட்டிப் பார்த்து, கையில் வைத்திருந்த ஏதோ கறுப்புத் துணியை நீட்டியது. கோபுரத்திலிருந்து வாங்கிக்கொள்ள எந்தக் கையும் வரவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு உத்தே போய்விட்டாள். நான் மூன்றாவது கலசத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

சட்டென்று பாட்டு நின்றது. சிவப்பு மூக்கு மானேஜர் ஒரு நாற்காலி மேல் ஏறினார். அறிவிப்புதான், வேறென்ன? கோபுரத்தை ஹாலின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"ம், ஆரம்பி."

"ஐ ஆம் தி கிரேட் டவர்…"

மானேஜர் ஒரு சாக்குக்குள் கையை விட்டு, இரண்டு கையும் கொள்ளுமளவுக்கு மிட்டாயை அள்ளி மேலே வீசினார். "காமெல்லே! காமெல்லே!" என்று கத்திக்கொண்டு அத்தனை குழந்தைகளும் தரையில் பாய்ந்தார்கள். மிட்டாய் வேண்டுமென்று அவர்கள் கார்னிவலில் அப்படித்தான் கத்துவார்களாம். அவர் மறுபடி வீசினார், மறுபடி பாய்ந்தார்கள். நடுவில் ஒன்பது நிலைக் கோபுரம் ஒன்று அசையாமல் நின்றது. ஒரு மிட்டாய் பறந்து வந்து சரியாக ஜன்னலுக்குக் கீழே இரண்டாம் நிலையில் உட்கார்ந்தது. மூன்றாம் நிலை ஜன்னலுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அதையே பார்த்தன.

"அப்பா."

"அடுத்த வரியைச் சொல்லும்மா."

"அப்பா, எனக்கும் கை வேணும்ப்பா."

அந்தக் குரலை என்னால் இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கடையில் கேட்கிற மாதிரி, கிடைக்குமா கிடைக்காதா என்கிற சந்தேகத்தோடு கேட்டாள். என் சூட்டுக்குள் நான் அப்படியே சுருங்கிப்போனேன்.

அந்த நேரம் பார்த்து ஹெல்கா ஒரு பெரிய கத்தரிக்கோலோடு என்னை நோக்கி வந்தார். பின்னால் நாலைந்து பெண்கள். என் டையைப் பிடித்து இழுத்தார். கறுக்! பாதி டை அவர் கையில். பெண்கள் எல்லாரும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள்.

அந்த வியாழக்கிழமை பெண்களின் நாள், டை கட்டிய ஆண் கண்ணில் பட்டால் வெட்டிவிடுவார்கள் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த நிமிஷத்தில் அதைத் தண்டனை என்றே நினைத்தேன். பெற்ற பிள்ளையை அட்டைப்பெட்டிக்குள் அடைத்தவனுக்கு அவர்கள் நாட்டுப் பெண்கள் கொடுக்கிற தண்டனை இதுதான் போலும், தகுந்த தண்டனைதான் என்றும் நினைத்தேன்.

"மேடம், அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கொடுங்கள்" என்றேன்.

மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு வாரம் பார்த்துப் பார்த்துச் செய்த எலிவேஷனை மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டினேன். முதலில் இரண்டு கைகள் வெளியே வந்தன. பிறகு மாலு முழுசாக வந்தாள், பச்சைப் பட்டுப் பாவாடையில். ("உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள், பழைய கவுன் போதும்" என்று நான் சொல்லியிருந்தேன். சரோஜா கேட்கவில்லை.) எங்கிருந்தோ உத்தே ஓடிவந்தாள். அந்தக் கறுப்புத் துணியை எடுத்து மாலுவின் தலையில் மாட்டினாள். இரண்டு பூனைக் காதுகள். ஹெல்கா முதலிலேயே இரண்டு ஜோடி தைத்திருக்கிறார்.

மானேஜர் மறுபடி சாக்குக்குள் கையை விட்டார்.

"காமெல்லே! காமெல்லே!"

அந்தக் கூட்டத்தில் எல்லாக் குரலையும் விட உரக்கக் கேட்டது எங்கள் மாலுவின் குரல். நாலு மாதமாக மூடியிருந்த வாய். இரண்டு பூனைகளும் மேஜைக்கடியில் தவழ்ந்து மிட்டாயைப் பாவாடையில் கட்டிக்கொண்டிருந்தன. சரோஜா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொள்ளலாம் என்று டையைத் தேடினேன், எட்டவில்லை.

கோபுரம் அன்று முழுக்கக் குழந்தைகளின் வீடாக, கப்பலாக, கடைசியில் சறுக்கிக்கொண்டு போகிற பாயாக ஆயிற்று. பரிசு யாருக்கும் கிடையாது. திரும்பி வரும்போது மாலு பிக்கப்பில் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள், கான் பாயிடம், தமிழில். அவரும் "அச்சா, அச்சா" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

"எங்கப்பா எடுத்துக்குடுத்த டை" என்றாள் சரோஜா வீட்டுக்கு வந்ததும்.

"பாதி இருக்குல்ல" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து நான் எதைத் திட்டம் போட்டாலும் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி உண்டு. மாலு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, இன்ஜினியரிங் விண்ணப்பத்தை என் அச்சு மாதிரிக் கையெழுத்தில் நானே நிரப்பி அவள் முன்னால் வைத்தேன். படித்துப் பார்த்தாள். "அழகா இருக்குப்பா. கைக்கு ஓட்டை வச்சிருக்கீங்களா?" என்றாள். விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். அவள் ஆசைப்பட்ட சரித்திரத்தைப் படித்தாள். அவள் கல்யாணத்துக்கு நான் போட்ட பதினெட்டுப் பக்க நிகழ்ச்சி நிரலுக்கும் இதே கேள்வி வந்தது. பத்துப் பக்கம் குறைந்தது.

போன மாதம் அவளிடமிருந்து போன். பேரன் பள்ளியில் மாறுவேடப் போட்டியாம். (இது அசல் போட்டி, நடுவர் உண்டு, விசாரித்துவிட்டேன்.) மூன்று நாளாக உட்கார்ந்து அட்டைப்பெட்டியில் ராக்கெட் செய்திருக்கிறாளாம். மூக்கு, வால், ஜன்னல், பின்னால் தீப்பிழம்பு என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். முழுவதையும் கேட்டுவிட்டு நான் மெதுவாகக் கேட்டேன்.

"எல்லாம் சரிம்மா. கைக்கு ஓட்டை வச்சியா?"

அந்தப் பக்கம் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்க்கிற சரசரப்பு. பிறகு, "டேய், அந்தக் கத்தரிக்கோலை எடுத்துட்டு வா" என்று என் மகள் கூப்பிடுவது கேட்டது.