மெயினை அணைத்தும் அடித்த ஷாக்

நான் மின்பொறியியல் படித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்டபின் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சவூதியில், தம்மாமில் எனக்கு அது முதல் ஜனவரி. வேலையில் சேர்ந்து மூன்று மாதம் முடிகிற நேரம். எங்கள் எகிப்திய மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். அதைக் காட்டினால்தான் குடும்ப விசா. திருநெல்வேலியில் என் மனைவி செல்விக்கு ஆறாவது மாதம். ஏழு முடிவதற்குள் விமானம் ஏறிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “பிள்ள பொறக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்” என்று அவள் தினமும் போனில் சொல்வாள்.

ஆபீஸில் ஒரே ஒரு தொல்லை. எதைத் தொட்டாலும் ஷாக் அடித்தது. கதவுப் பிடி, ஃபைல் அலமாரி, தண்ணீர்க் குழாய். போதாக்குறைக்கு அங்கே காலையில் வந்ததும் ஒவ்வொருவருக்கும் கை கொடுக்க வேண்டும். (பதினான்கு பேர்.) மேனேஜருக்கு மூன்று நாள் கை கொடுத்தேன். நான்காம் நாள் அவர் நெஞ்சில் கை வைத்துத் தூரத்திலிருந்தே சலாம் சொல்லிவிட்டார்.

என் மூளை வேலை செய்தது. (அதுதான் வினை.) கட்டடத்தில் எங்கோ கரண்ட் கசிகிறது; அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் கையெழுத்து தானாக விழும். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. டெஸ்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, யாரிடமும் கேட்காமல் மெயினை அணைத்தேன்.

ஜன்னலில்லாத வராந்தா கும்மிருட்டாகிவிட்டது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றாக உயிரை விட்டன. அவற்றில் ஒன்றில், அரை மணி நேரத்தில் அனுப்ப வேண்டிய டெண்டர் பாதியில் நின்றது எனக்குத் தெரியாது. மேனேஜர் வெளியே வந்தார்.

“கஹ்ரபா மாஃபி?” கரண்ட் இல்லையா என்று கேட்கிறார்.

“நான்தான் நிறுத்தினேன் சார். இப்ப தைரியமா கை கொடுக்கலாம்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே, கார்ப்பெட்டில் காலைத் தேய்த்து நடந்துபோய்க் கையை நீட்டினேன்.

எங்கள் விரல்களுக்கு நடுவே நீலமாக ஒரு பொறி பறந்தது. அந்த இருட்டில் அதைப் பார்க்காதவர்கள் யாருமில்லை.

ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்துச் சிவநேசன் மட்டும் என் காதருகே மெல்லச் சொன்னார். “ஐசே, கரண்ட் இல்லாமலும் அடிக்குதெண்டா அது கட்டடத்தில இருந்து வரேல்ல. உம்மில இருந்துதான் வருது.”

உண்மைதான். அன்று சாயங்காலம் அறையில் விளக்கை அணைத்துவிட்டு என் அக்ரிலிக் ஸ்வெட்டரைக் கழற்றினேன். படபடவென்று சத்தம், கூடவே குட்டிக் குட்டி மின்னல். அவமானம் மறந்து ஆசையாகிவிட்டது. நாலு தடவை போட்டுக் கழற்றிப் பார்த்தேன். கார்ப்பெட்டில் ரப்பர் அடிச் செருப்பு உரச உரச உடம்பில் மின்னேற்றம் சேர்கிறது. ஆகஸ்டிலும் சேரும், ஆனால் அப்போது கடற்காற்றின் ஈரம் எல்லாவற்றின் மேலும் லேசாகப் படிந்திருப்பதால், சேரச் சேர ஓசையில்லாமல் வடிந்துவிடும். ஜனவரியிலோ பாலைவனத்து வறண்ட காற்று, உள்ளே ஹீட்டர் வேறு. வடிய வழியில்லாமல் நம்மிடமே தங்கி, முதலில் தொடுகிற கதவுக்கோ மேனேஜருக்கோ ஒரே தாவாகத் தாவுகிறது. சாவியால் கதவைத் தொட்டால் பொறி சாவியோடு போய்விடும், விரலில் வலிக்காது. எட்டாம் வகுப்பில் சீப்பையும் காகிதத் துணுக்கையும் வைத்துப் படித்த அதே பாடம்.

இவ்வளவையும் மேனேஜருக்கு விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டார். சாவியை வாங்கித் தானும் செய்து பார்த்தார். பிறகு “கலாஸ்”, அதாவது முடிந்தது, என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் நிரந்தரத்தை இன்னும் மூன்று மாதம் தள்ளி வைத்தார். டெண்டர் போனது போனதுதான்.

செல்வி விமானம் ஏறவில்லை. மகள் பிறந்ததை நான் போன் திரையில் பார்த்தேன். பார்த்துவிட்டு அழுதேன்.

மகளுக்கு இப்போது பத்து வயது. போன வாரம் பள்ளிப் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள். “மம்மி, என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் தம்மாம்லதான் பார்ன். நான் மட்டும் ஏன் திருநெல்வேலி?”

செல்வி சப்பாத்தி மாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஒங்கப்பா மெயின ஆஃப் பண்ணிட்டாவ, அதான்.”