ஃபானஸின் நானூற்று ஐம்பத்தெட்டு

இந்தக் குளிர்காலத்துக்குக் காட்டெருமையை நான்தான் சுடப்போகிறேன் என்று ஃபானஸ் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து எல்லாரும் கரி அடுப்பைச் சுற்றி நிற்கிற நேரம். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். கையில் வெங்காயம் நறுக்குகிற கத்தி இருந்தது. அதையாவது கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

சிரித்தார்கள். வேறென்ன செய்வார்கள்? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் பண்ணைக்கு மான் சுட்டுக் கொண்டுவருவது அவன் மனைவி தலீனா. அவள் அப்பா கொடுத்த ஒல்லியான ரைபிள் ஒன்று வைத்திருக்கிறாள். ஒரு தோட்டா, ஒரு மான். அதற்குப் பிறகுதான் ஃபானஸுக்கு வேலை. தோலுரிப்பான், மல்லி வறுத்து இடிப்பான், கறியில் உப்பும் வினிகரும் தடவிக் கீற்றுக் கீற்றாகத் தொங்கவிடுவான். அவன் போடுகிற உப்புக்கண்டத்துக்கு அந்த வட்டாரத்தில் இணை கிடையாது. ஆனாலும் ஃபானஸ் போட்ட கண்டம் என்று ஒரு வாய் சொன்னதில்லை. தலீனா சுட்ட மான் என்று சொல்லிக்கொண்டுதான் மெல்லுவார்கள். இருபத்திரண்டு வருஷம் இதைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்.

பக்கத்துப் பண்ணை டீல்மன் மாமாவின் காட்டில் கிழட்டு எருமை ஒன்று மந்தையிலிருந்து பிரிந்து தனியாகச் சுற்றியது. அதைக் கழிக்க வேண்டும். மாமா ஒரு நிபந்தனை வைத்தார். ஐம்பது அடி எடுத்து வைத்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. யார் சுட்டாலும் மூன்று குண்டும் தட்டில் பட்டால் அந்த எருமை அவருக்கு. மூன்று வாரம் டைம். எருமைக்குப் போகிற துப்பாக்கியாலேயே சுட வேண்டும். மான் துப்பாக்கியோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

ஃபானஸ் மறுநாளே டவுனுக்குப் போனான். தன்னிடமிருந்த இரண்டு பழைய ரைபிள்களையும் கொடுத்துவிட்டு நானூற்று ஐம்பத்தெட்டு என்கிற எருமைத் துப்பாக்கி ஒன்றோடு திரும்பினான். அந்த இரண்டில் ஒன்றை வைத்து அவன் சுமாராகச் சுடுவான். அது போனதில் அவனுக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. அன்றைக்கு இல்லை. அன்றைக்கு அந்தப் புதுசைச் சாப்பாட்டு மேஜை மேல் கிடத்திவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தான். தோட்டா ஒவ்வொன்றும் அவன் கட்டைவிரல் கனம். குழலுக்குள் எலி குடும்பம் நடத்தலாம்.

தலீனா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு தடவை குடு, தோள்ல வச்சுப் பாக்கறேன்."

"இது பொம்பள தூக்கற துப்பாக்கி இல்ல, தலீனா."

இந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியும் என்றால் அவன் பின்னால் பாதிப் பண்ணையைக் கொடுத்திருப்பான். அவள் போய்ப் பாத்திரம் கழுவினாள். அந்தப் பாத்திரச் சத்தத்திலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கே புரிந்தது?

மறுநாள் காலை மாட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் முதல் குண்டைச் சுட்டான். சுட்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. விசையை அழுத்தினான், அவ்வளவுதான். அடுத்து அவனுக்குத் தெரிந்தது வானம். தோளை யாரோ கழற்றிக் கொண்டு போய்விட்டது போல இருந்தது. பல் எல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் எண்ணினான். குறி வைத்த மரப்பலகையில் கீறல் இல்லை. ஆனால் எங்கேயோ தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் காற்றாடிப் பம்புக்குப் பக்கத்துத் தொட்டியில் ஒரு ஓட்டை.

வீட்டுக்கு வந்து இடது கையால் காபி குடித்தான்.

"ஒரு வெடிதான் கேட்டுச்சு," என்றாள் தலீனா.

"ஒன்னு போதும். கைக்குப் படிஞ்சிடுச்சு."

"உதைக்குதா?"

"சேச்சே. கன்னுக்குட்டி முட்டற மாதிரிதான்."

"தொட்டியில என்ன ஓட்டை?"

"துரு."

"வட்டமாவா?"

நம்ம ஊர் துரு அப்படித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அந்த வாரம் முழுக்க இடது பக்கமே படுத்தான். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை இடது கையில் பிடித்தான். கை குலுக்க வந்தவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினான். சட்டைக்குள் தோள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. தினமும் காலையில் பயிற்சிக்குப் போகிறேன் என்று ரைபிளை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்புவான். மொப்பானி மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ரஸ்க் தின்பான். கேட்டால் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, அதனால்தான் உனக்குச் சத்தம் கேட்கவில்லை என்பான். தலீனா சரி என்பாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. இதையும் அவன் கவனிக்கவில்லை.

வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் தோட்டாவை வீட்டிலேயேதான் நிரப்பிக்கொள்வார்கள். ஃபானஸ் வீட்டில் அது தலீனாவின் வேலை. உக்கிராண அறையில் ஒரு மேஜை, அதில் திருகி மாட்டிய, தோட்டாவில் குண்டை அமுக்குகிற கைப்பிரஸ், வெடிமருந்தை நிறுக்கிற சின்னத் தராசு. மருந்தைக் கொஞ்சம் குறைத்துப் போடு என்றால் போட்டுக் கொடுத்திருப்பாள். பொம்பள தூக்க முடியாது என்று சொல்லிவிட்டு அவளிடமே போய் எப்படிக் கேட்பது?

போட்டிக்கு முந்தின நாள் அவள் மாதர் சங்கத்துக்குக் கேக் கொண்டுபோயிருந்தாள். ஃபானஸ் உக்கிராண அறைக்குள் நுழைந்தான். ஜாம் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி. இரண்டின் மேலும் அவள் கையெழுத்து. ஒன்றில் 'எருமைக்கு'. இன்னொன்றில் 'கத்துக்கிறவங்களுக்கு'.

அவனுக்கு உள்ளே விளக்கு எரிந்தது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்றால் மருந்து குறைவு. மருந்து குறைந்தால் உதை குறைவு. தட்டுக்கு அது தெரியவா போகிறது? அந்தப் பெட்டியில் மூன்றே மூன்று தோட்டாதான் இருந்தது. மூன்றையும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் மூன்றாம் வகுப்புப் பையன்கூடத் தோட்டாவை அடியைப் பார்க்காமல் எடுக்க மாட்டான்.

மறுநாள் டீல்மன் மாமா வீட்டுப் பின்புறம் சர்ச் ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். தலீனா ஒரு தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு தள்ளி நின்றாள். ஃபானஸ் முக்காலியில் உட்கார்ந்தான். ரைபிளை மணல்மூட்டை மேல் வைத்து முதல் தோட்டாவைப் போட்டான். மூச்சை இழுத்துப் பிடித்து விசையை அழுத்தினான்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். வெடி இல்லை, புகை இல்லை. துப்பாக்கி மணல்மூட்டை மேல் ஒரு நூல்கூட நகராமல் கிடந்தது. ஃபானஸ்தான் அங்கே இல்லை. முக்காலிக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்தான். ஒரு கால் மட்டும் முக்காலியில் மாட்டியிருந்தது.

தோட்டா தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று டீல்மன் மாமா முறைப்படி அரை நிமிஷம் காத்திருந்தார். பிறகு தோட்டாவை வெளியே எடுத்தார். அடியைத் திருப்பி வெயிலில் காட்டினார். அடியில் இருக்கிற சின்ன மூடியில் ஏற்கெனவே ஒரு குத்து. என்றைக்கோ சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டா. மருந்து இல்லாமல் மேலே புதுக் குண்டை மட்டும் அமுக்கி வைத்தது. துப்பாக்கி பழகுகிற பிள்ளை கண்ணை மூடுகிறதா என்று பார்க்க, அந்த ஊரில் ஒவ்வொரு அப்பனும் ஒரு தடவை இதைச் சொல்லாமல் போட்டுக் கொடுப்பான்.

"எனக்கு எங்கப்பா ஏழு வயசுல போட்டுக் குடுத்தாரு," என்றார் மாமா. "நானும் கண்ணை மூடினேன்டா. ஆனா விழல."

ஃபானஸ் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு மனைவியிடம் வந்தான்.

"வேணும்னே வச்சிருக்க."

"பெட்டி மேல எழுதித்தானே வச்சேன். அதுல உனக்கென்ன வேலை?"

 திருடினேன் என்று சொன்னால்தான் மேலே பேச முடியும்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"தோள் வலிக்குதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "வலிக்குது," என்று வந்தது.

"இதச் சொல்ல உனக்கு மூணு வாரம்."

கோட்டைக் கழற்றினாள். தோளில் உதை தாங்குவதற்கு ரப்பரும் தோலும் வைத்துத் தைத்த ஒரு மெத்தையைப் பட்டை போட்டுக் கட்டியிருந்தாள். அவனுடைய ரைபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோட்டுப் பையிலிருந்து 'எருமைக்கு' பெட்டி, மூன்று தோட்டா. ஒவ்வொரு வெடிக்கும் அவள் உடம்பு முழுக்க ஆடியது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் தோளைத் தேய்த்துக்கொண்டு எல்லார் முன்னாலும், "அம்மாடி, கழுதை உதைச்ச மாதிரி இருக்கு," என்றாள். யாரும் அவளை மட்டமாகப் பார்க்கவில்லை. ஆமாம், அது அப்படித்தான் உதைக்கும் என்று தலையாட்டினார்கள். தட்டில் மூன்று ஓட்டை. அது மேல் ஒரு காபி சாஸரை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும்.

இவ்வளவு லேசாகச் சொல்லிவிடலாமா இதை என்று ஃபானஸ் நினைத்துக்கொண்டான். யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

திரும்பும்போது வண்டியை அவன்தான் ஓட்டினான். இடது கையால். பாதி தூரம் போனதும் கேட்டான்.

"அந்த மெத்தை எப்ப வாங்கின?"

"நீ துப்பாக்கி வாங்கப் போன அன்னைக்கே சொல்லிவச்சேன். ரெண்டு வாங்கினேன். உன்னோடது உன் சாக்ஸுக்கு அடில இருக்கு."

"ஏன் எடுத்துக் குடுக்கல?"

தலீனா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "பொம்பள தூக்கற துப்பாக்கி இல்லன்னு சொன்ன. பொம்பள வாங்கின மெத்த மட்டும் எதுக்குன்னு விட்டுட்டேன்."

அந்தச் சனிக்கிழமை எருமை விழுந்தது. அவள் சுட்டாள், அவன் தோலுரித்தான். அந்த வருஷத்து உப்புக்கண்டம் இதுவரை போட்டதிலேயே நன்றாக வந்தது. கொம்பு இப்போது அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு எந்தத் துப்பாக்கி என்று கேட்பார்கள். "நானூற்று ஐம்பத்தெட்டு. என்னோடது," என்பான் ஃபானஸ். அடுத்த கேள்வி வருவதற்குள் காபி போட எழுந்து போய்விடுவான்.