ப்ளஸ் பக்கம் சாய்ந்த முள்

சீனிவாசராகவன் சபதம் எடுத்தால் வீட்டில் ஏதாவது ஒன்று உயிரை விடும். கேஸ் அடுப்பை நானே சரி பார்க்கிறேன் என்றார்; குடும்பம் ஒரு வாரம் ஓட்டல் இட்லியில் பிழைத்தது. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்றார். அது இன்றைக்கும் பின்பக்கமாகத்தான் தைக்கிறது. தொண்ணூற்றேழாம் வருஷம் மஹாளய அமாவாசைக்கு மறுநாள், பெங்களூர் மல்லேஸ்வரம் வீட்டு போர்ட்டிகோவில், ஒரு கையில் டெஸ்டரும் மறு கையில் காப்பி டம்ளருமாக நின்று அவர் எடுத்த சபதம் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது.

"இனிமே இந்த வண்டியை எந்த மெக்கானிக்கும் தொடப்படாது. நானே சரி பண்றேன்."

வண்டி என்றால் மாமனார் வண்டி. மாண்டியாவில் மராமத்து இலாகா இன்ஜினியராக இருந்த, அவர் மனைவி ரமாவின் அப்பா, பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆசை ஆசையாக வைத்திருந்து, மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பரமபதம் போய்விட்டார். அதைச் செய்த கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள். வண்டி ராகவன் கையில் அகப்பட்டது தெரிந்துதான் மூடினார்கள் என்பது ரமாவின் கட்சி.

வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. பேட்டரி சார்ஜ் ஆகாது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் டைனமோ மின்சாரம் செய்து பேட்டரியை நிரப்ப வேண்டும். அது சுற்றியதே தவிர நிரப்பவில்லை. கடையில் சார்ஜ் ஏற்றிவந்து மாட்டினால், சம்பிகே ரோடு போய்க் கத்தரிக்காய் வாங்குகிற வரைக்கும் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். திரும்பும்போது இரண்டும் மௌன விரதம். இன்ஜின் மட்டும் பேட்டரி தயவில்லாமல் ஓடுகிற பழைய ரகம். ஆகவே வெளிச்சமும் இல்லாமல் சத்தமும் போடாமல், "ஓரம் போங்கோ, ஓரம் போங்கோ" என்று ராகவன் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வீடு வந்து சேருவார்.

அப்படியும் அந்த வண்டிதான் அவருக்கு உயிர். வங்கியில் அவர் கேபினுக்குள் வருகிறவர்கள்கூட அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த வண்டியில் தடதடவென்று போனால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"தாராளமா சரி பண்ணுங்கோ," என்றாள் ரமா. "ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"ஆயுத பூஜை அன்னிக்கு ரெண்டு பேரும் இதுலயே அத்திபெலேக்கு ஸ்வர்ணா ஆத்துக்குப் போயிட்டு வரணும். ஆத்துக்குத் திரும்பி வர்ற வரைக்கும் லைட் எரிஞ்சா வண்டி உங்களோடது. நடுவுல அணைஞ்சா, நான் சொல்ற ஆளுக்குக் கொடுத்துடணும்."

"யாரு, ஓஸ்வால்டுக்கா?"

"நான் சொல்ற ஆளுக்கு."

ஓஸ்வால்ட் பக்கத்து வீட்டுக்காரர். காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக அந்த வண்டியைப் பெண் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே இருப்பவர். அவர் வீட்டு வாசலில் தன் வண்டி நிற்பதை ராகவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனாலும் சபதம் எடுத்தாயிற்றே, சரி என்றார்.

வேலை ஆரம்பமானது. டைனமோவைப் பிரித்தார். உள்ளே இருந்த கார்பன் பிரஷ் தேய்ந்து குன்றிமணியளவு ஆகியிருந்தது, புதிது போட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. வந்ததுதான் வந்தோம் என்று வண்டியில் இருந்த அத்தனை ஒயரையும் உருவி எடுத்து, போர்ட்டிகோவில் வடாம் பிழிந்த மாதிரி பரப்பினார். பின் விளக்கையும் கழற்றித் துடைத்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். கையில் இரண்டு ஒயர் மிஞ்சியது. "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்," என்று அதை ஜன்னலில் தொங்கவிட்டார்.

கடைசியாகப் பேட்டரி. ரமா கரண்டியோடு தளிகை உள்ளிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, அந்தச் சிவப்பு ஒயரை அப்பா வந்து..."

"ரமா, கறுப்பு ஒயர் பாடிக்கு. சிவப்பு உள்ளே. எதுத்தாத்து ஸ்கூட்டர்ல பாரு, ஓஸ்வால்ட் கார்ல பாரு. உலகத்துல எல்லா வண்டிலயும் அப்படித்தான்."

"இதுல மட்டும்..."

"ப்ளஸ் மைனஸ் எனக்கா சொல்லித் தர்றே? ஆயுசு பூரா வங்கியில வேற என்ன பண்ணிண்டிருக்கேன்?"

ரமா வாயை மூடிக்கொண்டாள். அவள் பேசினால் பயப்பட வேண்டியதில்லை, பேசாமல் போனால்தான் ஆபத்து என்பது இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் ராகவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விளக்கைப் போட்டார். பளிச்சென்று எரிந்தது. ஹெட்லைட் மேல் இருந்த அம்மீட்டரில் முள் துள்ளி ப்ளஸ் பக்கம் சாய்ந்தது. ப்ளஸ் என்றால் சார்ஜ் ஏறுகிறது, மைனஸ் என்றால் வடிகிறது என்று அர்த்தம்.

"ரமா! ஓடி வா! சார்ஜ் ஆறது!"

ரமா வந்து பார்த்தாள். "இன்ஜினே ஓடலையே?"

"அதான் விசேஷம்! ஓடாமலேயே ஆறது!"

ஓஸ்வால்ட் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "என்ன மேன், பெட்ரோல் இல்லாம ஓடுமா அடுத்து?"

"அதை அடுத்த வாரம் பாக்கறேன்," என்றார் ராகவன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரமா முள்ளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், உள்ளே போய்ப் புளியைக் கரைத்தாள்.

ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், செவந்தி மாலை. ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். மடிசார் கட்டிக்கொண்டு ஆரத்தி எடுத்த ரமா, விளக்கைப் போடச் சொன்னாள்.

"போட்டாச்சு. கிளம்பும்போது அணைச்சுடலாமா?"

"ஸ்வாமிக்கு ஏத்தின விளக்கு. அணைக்கலாமோ? அதான் தானா சார்ஜ் ஆறதே, எரிஞ்சா என்ன?"

அதுவும் சரிதான் என்று ராகவன் வண்டியைக் கிளப்பினார். பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய ஓசூர் ரோடு முழுக்கப் போனார்கள். எதிரே வந்தவர்களெல்லாம் கையை மூடித் திறந்து 'லைட், லைட்' என்று ஜாடை காட்ட, தனக்குத்தான் வணக்கம் சொல்கிறார்கள் என்று ராகவன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். அத்திபெலேயில் ரமாவின் தங்கை ஸ்வர்ணா வீட்டில் அக்காரவடிசல் மூன்று முறை போட்டுக்கொண்டார். அந்த நேரம் பூராவும் வாசலில் வண்டி நின்றது, விளக்கு எரிந்தது, முள் ப்ளஸ்ஸில் இருந்தது. தெருவில் போனவர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

சாயங்காலம் கிளம்பும்போது விளக்கு பீடி நுனி மாதிரி இருந்தது.

"ஏன்னா, நிறுத்திப் பாத்துட்டுப் போலாமே."

"முள் இத்தனை நேரம் ப்ளஸ்ல இருந்திருக்கு. பேட்டரி ரொம்பி வழியறது. பேசாம வா."

சந்தாபுரம் தாண்டுவதற்குள் பீடி நுனியும் அணைந்தது. ஹாரனை அமுக்கினார், கொசு அளவுக்குக்கூட சத்தம் வரவில்லை. இருட்டத் தொடங்கிவிட்டது. வாழைக்கன்று கட்டிய லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஆயுத பூஜை அன்றைக்கு பெங்களூர் ரோடுகளில் வண்டிக்கு வண்டி பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். அப்படி ஒன்று ரோட்டில் சிதறிக் கிடந்தது ராகவன் கண்ணுக்குத் தெரியவில்லை. பின் சக்கரம் அதில் ஏறி வழுக்கியது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி, லாரிக்காரனின் திட்டை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் ஒரு புளியமரத்தடியில் எப்படியோ நின்றது.

ராகவன் இறங்கித் திரும்பிப் பார்த்தார். வண்டி போனால் போகிறது, பின்னால் இருந்த ரமாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் சபதம், முள், வங்கி எல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

"தோத்துட்டேன் ரமா," என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அடிபடலையே உங்களுக்கு? இதைப் பிடியுங்கோ." வெற்றிலைப் பாக்குப் பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்து அவரிடம் நீட்டினாள். அதற்கடியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தாள். பேட்டரி ஒயர்கள் இரண்டையும் கழற்றினாள், இடம் மாற்றி மாட்டினாள்.

"சிவப்பைப் பாடில வெக்கறியே!"

"இந்த வண்டில ப்ளஸ்தான் பாடிக்கு. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரா வழக்கம் அது. நீங்க மாத்தி வெச்சேள். முள்ளும் மாத்திக் காட்டித்து. சார்ஜ் வடிஞ்சிண்டே இருந்தது, ஏர்றதுன்னு சொல்லித்து."

"அப்ப நான் பாத்த ப்ளஸ்?"

"மைனஸ்."

அவர் ஊர் கூட்டிக் காட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ரமா டைனமோவின் மூடியைத் திறந்து, ஒரு ஒயர் நுனியால் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டுத் தட்டினாள். பேட்டரியில் மிச்சமிருந்த உயிருக்குச் சின்னதாக ஒரு பொறி.

"இது எதுக்கு?"

"நீங்க மாத்தி மாத்தி மாட்டினதுல டைனமோவுக்கு யார் ப்ளஸ், யார் மைனஸ்னு மறந்து போயிருக்கும். ஞாபகப்படுத்தணும். அப்பா வண்டியைப் பிரிச்சா டார்ச் பிடிச்சது யாருன்னு நெனைச்சேள்? மாண்டியா பூரா இதை ஓட்டினது யாரு?"

"சொல்லியிருக்கலாமே ரமா!"

"வாயைத் தொறந்தேன். நீங்க வங்கிக்குப் போயிட்டேள்."

உதைத்தாள். ஒரே உதை. விளக்கு மஞ்சளாக விழித்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக வெள்ளையாகி, புளியமரத்தின் இலை இலையாகத் தெரிந்தது. முள் நிதானமாக, இந்தத் தடவை நிஜமாகவே, ப்ளஸ் பக்கம் போய் நின்றது.

"கார்பன் பிரஷ் நீங்க போட்டதுதான்," என்றாள் ரமா. "வியாதி அங்கதான் இருந்தது. அதைக் கண்டுபிடிச்சது நீங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு ராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பந்தயம் பந்தயம்தான் ரமா. ஓஸ்வால்டுக்கே கொடுத்துடு."

"ஓஸ்வால்ட் எதுக்கு நடுவுல? நான் சொல்ற ஆள் நான்தான். பின்னாடி நகருங்கோ."

ஒன்பது கஜம் எதற்காக ஏற்பட்டது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. காலை வீசிப் போட்டு உட்கார்ந்தாள். வெற்றிலைப் பாக்குப் பை அவர் மடிக்கு வந்தது. பூசணிக்காய்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி, லாரிகளுக்கு ஹாரன் கொடுத்து, வண்டி அலுங்காமல் போயிற்று. இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் இவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்ததே இல்லை. அசட்டுக்கு ஒரு கெட்டிக்காரியைக் கொடுத்தாயே பெருமாளே என்று மனசு நிறைந்து போனது. முன்னால் சாய்ந்து அவள் காதருகே வாயார நன்றி சொன்னார். "நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்! உனக்கு நான் ஏதாவது பண்ணணும் ரமா. என்ன வேணும்னாலும் சொல்லு, பண்றேன்."

"பையில ஸ்வர்ணா கொடுத்த சிவப்பு ரவிக்கைத் துணி இருக்கும். டார்ச்சுல சுத்தி, ஆத்துக்குப் போற வரைக்கும் பின்பக்கம் காட்டிண்டே வாங்கோ," என்றாள் ரமா. "டெயில் லைட்டையும் நீங்கதானே ரிப்பேர் பண்ணேள்?"