இரண்டாயிரம் வாட் கேக்

ஓவனைத் திறந்ததும் பிரசீதாவுக்குத் தலைக்குச் சூடு ஏறியது. கேக்கில் ஏறியிருக்க வேண்டிய சூடு அது. ஒன்றேகால் மணி நேரமாகியும் மாவு நடுவில் தளதளவென்று ஆடியது, கிணற்றில் தெரியும் நிலா மாதிரி.

"ஹீட்டிங் காயில் போயிருக்கும்," என்றான் அவள் கணவன் ஜிஜின். பாறசாலை வட்டாரத்தில் பத்து வருடமாக வயரிங் செய்கிறவன். நாற்காலியை விட்டு எழாமலே கோளாறைக் கண்டுபிடித்திருந்தான்.

"வாங்கி ரெண்டு மாசம் ஆவல்ல. அதுக்குள்ள காயில் எங்க போச்சு, நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கா?"

நாளை காலை பத்து மணிக்கு ஜெஸ்மியின் கல்யாணம். கல்யாண வீடு நாலு வீடு தள்ளித்தான். மூன்று அடுக்குக் கேக், பிரசீதாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. நன்றாக வந்தால் ஜெஸ்மி வீட்டாரின் சர்ச் சபையில் நடக்கும் எல்லாக் கல்யாணமும் அவளைத் தேடி வரும். வராவிட்டால் ஜெஸ்மியின் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்போதும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஜிஜினின் பையிலிருந்து மீட்டரைப் பிடுங்கினாள். அளந்தாள். நூற்றறுபது வோல்ட், ஆறு ஆம்பியர். மேடையில் சிந்திக் கிடந்த மைதாவில் விரலால் எழுதினாள். தனுவச்சபுரம் கல்லூரியில் பிசிக்ஸ் படித்த விரல்.

"வோல்டேஜை கரண்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். இருபத்தாறு ஓம், சொச்சம். ஓவனுக்குப் பின்னால என்ன எழுதியிருக்கு? இருநூத்தி முப்பது வோல்ட், ரெண்டாயிரம் வாட். அதைக் கணக்குப் போட்டாலும் அதே இருபத்தாறு சொச்சம். காயிலுக்கு ஒரு கேடும் இல்ல!"

"பின்னே?"

"ரெண்டையும் பெருக்குங்க. தொள்ளாயிரத்து அறுபது வாட். பாதி பவர்கூட இல்ல! வோல்டேஜ் கொறஞ்சா கரண்டும் கூடவே கொறையும். ரெண்டு பக்கமும் அடி!"

மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "லைன்ல லோடு கூடுதலாணு சேச்சி. நோக்காம்," என்று 'பார்க்கலாம்' என்பதை மலையாளத்தில் சொன்னது ஒரு தூக்கக் குரல்.

"நோக்கிட்டே இரிங்க!" என்று போனை வைத்தாள்.

வைத்ததும் அடித்தது. ஜெஸ்மியின் அம்மா ரத்னபாய்.

"மக்கா, கேக்கு எப்பிடி?"

"சூப்பரா வேகுது மாமி," என்றாள் பிரசீதா பல்லைக் கடித்துக்கொண்டு. "பந்தல்ல லைட்டு ஏதாவது எரியுதா?"

"எல்லாம் அணைச்சாச்சு மக்கா. நீ தைரியமா செய்யி."

அவள் விரட்டியதும் ஜிஜின் ஓடிப்போய் பெரிய ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொண்டுவந்தான். முள் இருநூற்று இருபதைத் தொட்டது. ஐந்து நிமிடம் வீடு முழுக்க வெனிலா மணந்தது. பிறகு ஃபேன் முனகி நின்றது, 'டக்' என்று ஸ்டெபிலைசரும் செத்தது. அதற்குக் கண நேரம் முன்புதான் லைனை அளந்திருந்தாள். நூற்றி நாற்பது வோல்ட், பதின்மூன்று ஆம்பியர்.

"இந்தப் பெட்டி கரண்டை உண்டாக்குமா? லைன்லேந்து கூடுதலா இழுத்துல்லியா தரும்! இழுக்க இழுக்க லைன் இன்னும் தாழும்."

"நீதான் கொண்டு வரச் சொன்ன."

"மிண்டாதீங்க!" என்று அவன் வாயை அடைத்தாள்.

அடுத்த நிமிடம் மீட்டரைக் கத்திபோல் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பொன்னையனின் வாழைத் தோட்டத்தில் நின்றாள்.

"மாமா, மோட்டாரை நிறுத்துங்க."

"நீ ஆருட்டீ நிறுத்தச் சொல்லதுக்கு? எனக்க வாழை உனக்க கேக்கைத் தின்னா வளரும்?"

"ரெண்டு மணிக்கூறு நிறுத்தினா வாழை செத்தா போவும்?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். மீட்டர் நூற்றெண்பதுக்கு ஏறியது. அவள் ஓடிவந்து அடுத்த மாவை உள்ளே வைத்தாள். பத்தே நிமிடம். நூற்றைம்பது.

திரும்ப ஓடினாள். "வாக்கு மாறின மனுசன்! கள்ளத்தனமா மோட்டாரைப் போட்டு ஒரு பொம்பளைக்கப் பொழப்பைக் கெடுக்கீங்களே!"

பொன்னையன் ஓடாத மோட்டாரின் மேல் உட்கார்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். மெதுவாக எழுந்தார்.

"செய்யாத குத்தத்துக்கு ஏச்சு வாங்கியாச்சு. இனி செஞ்சிட்டே போறேன்." ஸ்விட்சைப் போட்டார். "நாளைக்குக் கல்யாணக் கெட்டு முடியாம இது நிக்காது."

வீடு திரும்பும்போது இரண்டாவது மாவும் அமுங்கிப்போயிருந்தது. பிரசீதா டின்னை அப்படியே முற்றத்தில் எறிந்தாள். ஜிஜின் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினான். அழுகையும் ஆத்திரமும் ஒரே குழாயில் வருவதுபோல் வந்தன.

"இந்த லைன்ல எந்தப் பாவியோ மலை மாதிரி லோடை வச்சிருக்கான். எனக்க கையில கிடைச்சா..."

வாசலில் செருப்புச் சத்தம். ஜெஸ்மியின் அத்தை ஆனந்தபாய், வியர்த்து விறுவிறுத்து, புடவை முழுக்க மைதாவோடு நின்றாள்.

"கோவிக்காத மக்கா. நீ கேக்குக்குப் புதுசில்லியா, ஒருவேளை சரியா வரல்லேன்னா என்ன செய்யதுன்னு ரத்னபாய் மைனி காலம்பறவே மூணு பெரிய ஓவன் வாடகைக்கு எடுத்து ரெண்டை ஓட விட்டா. நடுவில கரண்டு கொஞ்சம் நல்லா வந்துது, உடனே மூணாவதையும் போட்டோம். ஆனா ஒண்ணுலயும் மாவு வேகல்ல. நீ பிசிக்ஸ் படிச்ச பிள்ளையாக்குமே, என்ன காரணம்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு!"