ஏகமனதாக நிறைவேறிய தோட்டாத் தீர்மானம்

அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் ஊர்ப்பக்கம் கடையில் தோட்டா வாங்குகிறவனை மனுஷனாகவே மதிப்பதில்லை. சுட்டுப் போட்ட வெறுங்கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, அளவு பார்த்து, அவனவன் கையாலேயே மறுபடி வெடிமருந்து கெட்டித்துக்கொள்ள வேண்டும். இந்த நாகரிகம் வந்து நாலு வருஷமாகிறது. அதை ஒழுங்குபடுத்த ஒரு கழகம், பதினேழு விதிகள், தலைவர் வெர்ல் ஹாஃப்லண்ட். செயலாளர் அடியேன். எவரையும் சாராமல் வாழ விரும்புகிறவர் அதற்கான காரணத்தை மூன்று பிரதிகளில் எழுதி எங்களிடம் அனுமதி பெற வேண்டும் என்பது இரண்டாம் விதி.

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஆர்லீன் ட்வைட், வேட்டை இலாகாவின் குலுக்கலில் ஆறு வருஷம் பெயர் கொடுத்துக் காத்திருந்தவள். இந்த வருஷம்தான் எல்க் மான் சுட அவளுக்கு அனுமதிச் சீட்டு விழுந்தது. ஒரு மான் கிடைத்தால் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் குளிர்காலம் முழுக்கக் கறி. ஞாயிற்றுக்கிழமையோடு சீட்டு காலாவதி. புதன்கிழமை எங்கள் கூட்டத்துக்கு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "'கடையில் தோட்டா இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. இது ஒரு காரணமாம்மா?"

"கடையில இல்ல, எனக்கு வேணும். வேறென்ன காரணம் வேணும்? மருந்து கெட்டிக்கிற உங்க மெஷினைக் குடுத்தா அரைமணியில முடிச்சுக்கிட்டுப் போயிடுவேன்."

"இது வெறும் தேவை. நாளைக்கே கடைக்குச் சரக்கு வந்தா அங்க ஓடிடுவீங்க. கொள்கை இருக்கணும். 'குறி பிசகாது'ன்னு போடலாம். 'மனசுக்கு நிம்மதி'ன்னு போடலாம்."

"சரி, நிம்மதின்னே போட்டுக்கோங்க."

"மாத்தினா அது புது விண்ணப்பம். அடுத்த புதன்கிழமைதான் எடுப்போம்."

"ஞாயித்துக்கிழமையோட என் சீட்டு செத்துப்போகுதய்யா!"

"அது வேட்டை இலாகா சமாசாரம். நம்ம வரம்புல வராது."

ஆர்லீன் விண்ணப்பத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "அப்போ நீங்களாவது மூணு தோட்டா குடுங்க. என் துப்பாக்கியும் உங்க ரகம்தான்."

சபை பதறிப்போனது. ஒருவன் கெட்டித்த தோட்டாவை இன்னொருவன் சுடக் கூடாது. இது ஒன்றுதான் எங்கள் விதிகளில் உருப்படியான விதி. மருந்து கெட்டிக்கிறவன் எந்த ஊரில் இருந்தாலும் ஒத்துக்கொள்வான். மருந்து கொஞ்சம் கூடிப்போனால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும்.

"உங்க உசிருக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்றார் தலைவர்.

"நியாயம்தான். கடைத் தோட்டான்னா அந்தப் பயம் இல்லையே?"

"இல்லைதான். அதுக்கு என்ன இப்போ?"

"வர்ற வழியில கடைக்கார மில்ட்டனைப் பாத்தேன். போன மாசம் வந்த அம்பது பெட்டியும் ஒரே நாள்ல தீந்துபோச்சாம். வாங்கினவங்க அத்தனை பேரும் பின்வாசல் வழியா வந்தாங்களாம். நான் பேர் கேக்கல. இங்க பன்னெண்டு பேர் இருக்கீங்க. கடைத் தோட்டா வெச்சிருக்கிறவங்க கையைத் தூக்குங்க. மூணே மூணு போதும்."

ஒரு கைகூட எழவில்லை. தலைவர் சாவகாசமாகக் கூரையை ஆராய்ந்தார்.

உண்மையைச் சொல்லித் தொலைக்கிறேன். வெளியே என் வண்டியில் நாலு பெட்டி கடைத் தோட்டா இருந்தது. லேபிளைக் கிழித்துவிட்டு, 'சொந்தமாகக் கெட்டித்தது' என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். எனக்கு மருந்து கெட்டிக்கத் தெரியவே தெரியாது. கையைத் தூக்கியிருந்தால் அவள் வீட்டில் கறி வெந்திருக்கும். என் பதவி போயிருக்கும். வெட்கக்கேடு, நான் பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். 'கழகத்தாரிடம் கடைத் தோட்டா ஒன்றுகூட இல்லை' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஞாயிறு வந்தது, போனது. ஆர்லீன் மலைப்பக்கமே போகவில்லை.

டிசம்பரில் ஆண்டு விருந்து. மேசை நிறைய எல்க் கறி. அந்த வேட்டைப் பருவத்தில் கடைத் தோட்டாவே வாங்காதவருக்குத் தற்சார்பு விருது உண்டு. ஆனால் வாங்கவில்லை என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் திடீரென்று தன்னடக்கம் வந்துவிட்டது. எல்லோருமாகச் சேர்ந்து ஆர்லீனின் பெயரை முன்மொழிந்தோம்.

பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். தயங்காமல் சத்தியம் செய்தாள். பலத்த கைதட்டலுக்கிடையே தலைவர் பித்தளைப் பட்டயத்தை நீட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை வறுக்கணுமா, வேகவைக்கணுமா?" என்று கேட்டாள்.

கேள்வியை முறைப்படி குறிப்பேட்டில் பதிந்து, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தேன்.