மூன்று லினக்ஸும் ஒரு பிள்ளையார் சுழியும்

உ

புதுப்பட்டினம்,
சனிக்கிழமை

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை எழில் அவர்களுக்கு, மாமா ஜம்புலிங்கம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் பூங்கொடியும் அவ்வண்ணமே இருப்பீர்களாக. போனில் சொன்னால் குறுக்கே கேள்வி கேட்பீர்கள் என்பதால் கடிதம்.

குப்பத்து மீனவர் சங்கத்துக்கு, ஏல விலையைத் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றை நான் எழுதிக் கொடுத்தது தாங்கள் அறிந்ததே. அங்கே இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களும் மூன்று பேர் தானம் கொடுத்தவை, அவற்றை இயக்கும் லினக்ஸும் மூன்றில் மூன்று விதம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயரும் இருப்பதுபோல் உள்ளே போடும் ஒரே மென்பொருள் சாமானுக்கு ஒவ்வொரு லினக்ஸும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, ஆகவே 'இந்த லினக்ஸானால் இந்தப் பெயர், அதுவானால் அது' என்று நிபந்தனை போட்டு, மூன்றுக்கும் பொதுவாக என் மென்பொருளைக் கட்டி ஓடவைக்கும் கட்டளைப் பட்டியலை, அதாவது பில்டு ஃபைலை, ஒன்றே ஒன்றாக எழுதினேன். வழக்கம்போல் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டேன். முதலாவது, முதல் வரியே தப்பு என்றது. இரண்டாவது, அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. மூன்றாவது பேசவேயில்லை.

சங்கச் செயலாளர் ரத்னா பார்த்துவிட்டாள். "இன்னா சார், மூணு பொட்டியும் மூணு விதமா மொறைக்குது? வர்ற வெள்ளிக்கெழம ஏலத்துக்குள்ள ஓடலன்னா வுட்ருங்க, நாங்க பழையபடி தொண்டையிலயே கத்திக்கிறோம்" என்றாள். ரிடையரான பிறகு என்னை சார் என்று கூப்பிடும் ஒரே இடம் அது. பயந்துபோனேன், மாப்பிள்ளை.

சுழிக்கு முன்னால் ஹாஷ் குறி போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். போட்டேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "புள்ளையாருக்கு முன்னால வேலியக் கட்டிகினு நல்லது நடக்கும்னு பாக்குறீங்களா?" என்றாள். கடைசியில் ஃபைலிலிருந்து சுழியை எடுத்து மானிட்டர் நெற்றியில் சந்தனத்தால் எழுதினேன். இன்று காலை மூன்றிலும் ஓடிவிட்டது. ஆகவே பூங்கொடி சொன்னாள் என்று தாங்கள் உதவிக்குச் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. என்னால் முடிகிறது என்று பூங்கொடியிடம் சொல்லவும்.

சகல க்ஷேமமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ஜம்புலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ரத்னா வந்தாள். "உங்களுக்கு இன்னாத்துக்கு சார் பேஜாரு, மூணுத்துலயும் ஒரே லினக்ஸா போட்டுட்டேன்" என்றாள். தங்கமான மனசு. போட்டது நாலாவது லினக்ஸ். என் ஃபைலில் அதற்கு நிபந்தனை இல்லை. இப்போது மூன்றும் ஒற்றுமையாக ஓட மறுக்கின்றன. கடிதம் கண்டதும் லேப்டாப்போடு புறப்படவும். யார் கேட்டாலும் மாமாவைப் பார்க்க வந்ததாகவே சொல்லவும்.