தேவாங்கும் மேற்கோளும்

ஒரு காட்டில், வெகுகாலத்துக்கு முன், எரிகல் ஒன்று குளத்தில் விழுந்து 'சுர்ர்ர்' என்றது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் சின்னச் சத்தம்தான். தவளைகள் திட்டிவிட்டு மறந்துபோயின. தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தேவாங்குக் குட்டி மட்டும் மறக்கவில்லை. வளர்ந்து வானியல் அறிஞர் ஆனது. பெயர் விசாலாட்சி. அந்தக் கண்களுக்கு வேறு பெயர் வைக்க முடியாது.

காட்டு ஆராய்ச்சிக் கழகம் அதற்கு மலையுச்சியில் ஒரு மரம் கொடுத்திருந்தது. அங்கே உட்கார்ந்து, பால்வீதியின் ஓரத்தில் ஊரோடு ஒத்துப்போகாமல் எதிர்த்திசையில் ஓடும் சில கிழட்டு நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது தேவாங்கு. அவை இந்த வீட்டுப் பிள்ளைகளே அல்ல, எப்போதோ பால்வீதி விழுங்கிய ஒரு சின்ன நட்சத்திர மண்டலத்தின் மிச்சம் என்று கண்டுபிடித்தது. அதை மெதுவாக எழுதியது. தேவாங்கு எதையும் மெதுவாகத்தான் செய்யும்.

ஒருநாள் கழகத் தலைவர் பெருச்சாளி அதைத் தன் வளைக்கு வரவழைத்தது.

"விசாலாட்சி அம்மா, உங்களுக்கு மேற்கோள் எத்தனை?"

"மேலே கோள் எட்டுதான், ஐயா. ஆனால் அது என் துறை இல்லை. கோள்களை ஆந்தை பார்க்கிறார். நான் நட்சத்திரம்."

கழகத்துக் கணக்கு அணில் வாலால் வாயைப் பொத்திக்கொண்டது.

"மேற்கோள் அம்மா, மேற்கோள்! உங்கள் கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

"மழைக்காலத்துக்குள் மேற்கோள் சேர வேண்டும். இல்லாவிட்டால் மரத்தைக் காலி செய்யுங்கள். மயில் அங்கே ஆட இடம் கேட்கிறது."

"மரம் போனால் நான் எங்கிருந்து பார்ப்பேன்?"

"உங்களைப் பார்க்கச் சொல்லி யார் கேட்டார்கள்?" என்றது பெருச்சாளி.

திரும்பும் வழியில் வௌவால் பேராசிரியர் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்கோளில், தலைவருக்கு அடுத்தபடி, காட்டிலேயே பெரிய கை.

"எப்படித் தம்பி உனக்கு மட்டும் இத்தனை?"

"சுலபம் அக்கா. நான் பக்கத்தில் தொங்குகிறவனைச் சொல்வேன். அவன் தனக்குப் பக்கத்தில் இருப்பவனைச் சொல்வான். கடைசி ஆள் என்னைச் சொல்வான். யாரும் யாரையும் படித்ததில்லை. படித்தால் சண்டை வரும்."

"நீ எதைப் பற்றி ஆராய்கிறாய்?"

"அது இன்னும் முடிவாகவில்லை."

தேவாங்குக்குத் தலைகீழாகத் தொங்க மனம் வரவில்லை. மரத்துக்குப் போய், எதிர்த்திசை நட்சத்திரங்களைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே கட்டுரையாக எழுதி அனுப்பியது. ஓரத்தில் பெருச்சாளியின் கிறுக்கலோடு அது திரும்பி வந்தது: 'நட்சத்திரம் என்றால் என்ன? விளக்குக.'

தேவாங்கு மரியாதை தெரிந்த பிராணி. ஓர் அடிக்குறிப்பு சேர்த்தது: 'தலைவர் அவர்கள் வளையை விட்டு வந்து அண்ணாந்து பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். மேலே வானம் என்று ஒன்று இருக்கிறது. அதில் மினுக்குபவை நட்சத்திரங்கள்.'

விளக்கம் சேர்ந்ததா என்று மட்டும் பார்த்து, படிக்காமலே பெருச்சாளி ஒப்புதல் போட, கட்டுரை வெளிவந்தது. காடே படித்தது, அடிக்குறிப்பை மட்டும். 'தலைவர் வானம் பார்த்ததில்லை என்று விசாலாட்சி நிறுவியுள்ளார்' என்று மயில் தன் நடன ஆய்வில் எழுதியது. தவளைகள் மழை ஆய்வில் அதையே எழுதின. வௌவால்கள் வரிசையாக எழுதின.

"கோள் மூட்டியிருக்கிறாள்!" என்று குதித்தது பெருச்சாளி. பக்கம் பக்கமாக மறுப்பு எழுதி வெளியிட்டது. வரிக்கு வரி தேவாங்கின் பெயர்.

அணில் எண்ணிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னது: "ஐயா, அந்த அம்மாவுக்கு அதிக மேற்கோள் தந்திருப்பது நீங்கள்தான்."

"டேய், அது திட்டு!"

"திட்டு வேறு, மேற்கோள் வேறு என்று நம் கணக்கில் இல்லையே, ஐயா."

மேற்கோள் அதிகம் உள்ளவரே தலைவர் என்பது கழக விதி. எழுதியது பெருச்சாளியேதான். தேவாங்குக்கு மாலை போட்டார்கள்.

"அந்த எதிர்த்திசை நட்சத்திரங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசட்டுமா?" என்று கேட்டது தேவாங்கு.

"எந்த நட்சத்திரம்?" என்றது மயில், அன்பாக.

"சரி. என் மரம்?"

"தலைவர் வளையில்தான் குடியிருக்க வேண்டும், அம்மா," என்றது அணில். "அதுவும் விதி."

விசாலாட்சி இப்போது வளைக்குள் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் வேர் தெரியும்.

நீதி: நட்சத்திரம் பார்த்தால் மரம் போகும். கோள் சொன்னால் மேற்கோள் சேரும். மரம் எப்படியும் போகும்.